ட்ரெட்மில்லில் பறந்த பிளேனும் என் பாதி மீசையும்

ஏகாம்பரம், சோப்பை அப்புறம் தடவு. மொதல்ல கதையைக் கேளு. மீசை பாதி எங்கன்னுதானே முறைக்கிற? பந்தயத்துல போச்சுப்பா! இந்தத் தணிகாசலம் மீசையை எவனாவது சும்மா தொட்டுட முடியுமா?

நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன். நாப்பது வயசுல தப்பித்தவறி அமைஞ்ச சம்பந்தம். அனுப்பின போட்டோவுல மூஞ்சியை விட மீசைதான் பெருசு. அதைப் பாத்துதான் அவங்க சரின்னதே. மீசை எங்கன்னு கேட்டா இந்தக் கதையைத்தான் சொல்லணும். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன். மெக்கானிக் காளத்தி, நீயும் பேப்பரைக் கீழ வை.

ஒரு பைலட் எங்கிட்ட வந்து, "ஓடுற ட்ரெட்மில் மேல பிளேனை நிறுத்தினா பறக்குமா?"ன்னான். "சான்ஸே இல்ல. பறந்தா மீசையை எடுத்துடறேன்"னேன். வாய் இருக்கே, இது மட்டும் அடங்கியிருந்தா எனக்கு எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்.

மூடிக் கெடந்த ஜிம்முல இருந்தெல்லாம் பெல்ட்டை உருவி, ஒண்ணோட ஒண்ணு தச்சேன். பல்லாவரத்துல ஆரம்பிச்சது தாம்பரம் தாண்டிப் போச்சு.

"நடுவுல ரயில்வே கேட்டு வருமே?"ன்னான் காளத்தி.

கேட்டைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாங்க. கேளுப்பா பேசாம.

பிளேனும் வந்து ஏறுச்சு. பூஜை போடாம எடுப்பானா நம்மாளு? மூணு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, "ரைட்"டுன்னான். அங்கதான் சிக்கல். சக்கரம் முன்னால உருள, பெல்ட்டு பின்னால ஓட, பழம் நசுங்கவே இல்ல. வச்ச எடத்துலயே சுத்துது. பழம் நசுங்காம வண்டி எடுத்தா ஆகுமா? பைலட் எறங்கிட்டான். கடைசியில மொளகாப் பொடி தூவுனேன், அந்தச் சூட்டுலயே ஊறுகாயா வெளிய வந்துச்சு. ஊருக்கே கொடுத்தோம். அதுக்கப்புறம்தான் ஏறினான்.

நான் பெல்ட்டை முடுக்குனேன். பம்மல்ல மிக்ஸி நின்னு போச்சு, குரோம்பேட்டையில கரண்டே போச்சு. பெல்ட்டு மேல மாவை ஊத்தினா தோசை. திருப்பிப் போட ஆளு செங்கல்பட்டுல நிக்கணும், அவ்ளோ வேகம்!

"பிளேன் என்ன ஆச்சு?"ன்னான் ஏகாம்பரம், கத்தியைத் தீட்டிக்கிட்டே.

அதைத்தான் கேக்காத. சக்கரம் பாட்டுக்கு வெறி பிடிச்சாப்ல சுத்துது. பிளேன் கவலையே படல. மூக்குல இருக்கற காத்தாடி காத்தை இழுக்க, அது சொகுசா முன்னால போய் எழும்பிடுச்சு. சக்கரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்! இது தெரியாம மீசையைப் பந்தயம் கட்டியிருக்கேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.

எனக்கு வந்த கோவத்துல, பிளேனைப் புடிச்சு நிறுத்தறேன்னு பெல்ட்டு மேல குதிச்சேன். எனக்குக் காத்தாடி இல்லையே! குப்புறப் போட்டு இழுத்துச்சு. பாதி மீசையைப் பெல்ட்டே எடுத்துக்கிச்சு. மீதியை நீ எடு, கணக்குத் தீரட்டும். எப்படி, நாளைக்குச் செல்லுமா?

ரெண்டு பேரும் சிரிக்கல.

"அண்ணே," ஏகாம்பரம் மெதுவாச் சொன்னான், "மீசை இல்லாத மாப்பிள்ளையைக் கூட ஒத்துக்குவாங்க. ஆனா காலையில ஜிம்முல ட்ரெட்மில் மேல ஓடறேன்னு வீடியோ எடுத்தீங்களே, விழுந்தது வரைக்கும் அப்படியே ஸ்டேட்டஸ்ல ஓடிட்டிருக்கு. நீங்களேதான் போட்டிருக்கீங்க."

போனை எடுத்துப் பாத்தேன். ஊரே பாத்திருக்கு. அந்தப் பொண்ணு மெசேஜே அனுப்பியிருக்கா. காளத்தி போனைப் பிடுங்கிச் சத்தமாப் படிச்சான்:

"மீசை போனாப் பரவால்ல. பல்லெல்லாம் இருக்குல்ல?"