வராதவளுக்கு விட்ட மாடம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேகம் தங்கிப் போகும் ஒரு மலைநாட்டில் நாச்சி என்றொரு பெண் இருந்தாள். அவள் தங்கை சின்னியை மந்திரவாதி குண்டலன் ஒரு தனிமமாக மாற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நாச்சி அவன் கோட்டைக்குப் போனாள். சுவர் முழுக்க வரிசை வரிசையாக மாடங்கள். தரையில் உலகத்துத் தனிமங்கள் ஜாடி ஜாடியாக.

"எல்லாம் இங்கேதான் இருக்கு. அததை அதது இடத்தில வை. வச்சிட்டா உன் தங்கச்சி உனக்கு. மூணு தரம் தப்பினா நீயும் ஒரு ஜாடி" என்றான் குண்டலன்.

நாச்சி நிறம் பார்த்து வைத்தாள். ஜாடிகள் வாய் திறக்கவில்லை. எடுத்தாள். கனம் பார்த்து, லேசானதிலிருந்து ஒரே நீள வரிசையாக வைத்தாள். ஜாடிகள் முனகின.

"குணத்தையும் பாருக்கா" என்றது சோடியம். "தண்ணி பட்டா நான் குதிப்பேன். பொட்டாசியமும் குதிப்பான். எங்களை எதுக்குப் பிரிச்சு வைக்கிறே?"

மூன்றாம் தரமும் கனம் பார்த்தே வைத்தாள். ஆனால் முன்னே வைத்த ஒன்றின் குணம் மறுபடி வந்ததும் வரிசையை மடித்துக் கீழே தொடங்கினாள். சோடியத்தின் கீழே பொட்டாசியம் வந்தது. யாரோடும் ஒட்டாத ஹீலியத்தின் கீழே, அதே போல ஒட்டாத நியான். ஜாடிகள் ஒன்றையொன்று நலம் விசாரித்தன.

துத்தநாகத்துக்கு அடுத்த கனம் ஜெர்மானியம். வைத்தால் அலுமினியத்தின் கீழே வந்தது.

"நான் சிலிக்கான் வீட்டு ஆளு. தள்ளி வை" என்று கூசியது ஜெர்மானியம்.

தள்ளி வைத்தாள். நடுவில் ஒரு மாடம் காலியாக நின்றது.

குண்டலன் சிரித்தான். "ஓட்டை விட்டா அடுக்குவாங்க? நெருக்கி வை, பெண்ணே!"

நாச்சி நெருக்கவில்லை. இதுதான் கடைசித் தரம்.

"எங்க வீட்டுல வரவேண்டிய ஆள் வரலைன்னா, அவங்க இலையைப் போட்டுட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். இது ஓட்டை இல்லை. இன்னும் வராதவ இடம், என் தங்கச்சி இடம்" என்றாள். "மேலே அலுமினியம், அதனால இவளும் வெள்ளி நிறம். துத்தநாகத்தைவிடக் கனம், ஜெர்மானியத்தைவிட லேசு. அப்புறம், என் தங்கச்சியாச்சே. யார் கையைப் பிடிச்சாலும் உருகிடுவா."

குண்டலன் முகம் மாறியது. இடுப்பில் செருகியிருந்த வெள்ளிக் கட்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்து, பயத்தில் இறுக்கினான். இறுக்க இறுக்க உள்ளங்கைச் சூட்டில் வெள்ளித்துளிகள் விரலிடுக்கில் வழிந்தன. தரையில் உருண்டு, சுவரேறி, காலி மாடத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

கோட்டை புகைபோலக் கலைந்தது. நாச்சியின் மடியில் சின்னி இருந்தாள்.

"ஏன்க்கா இவ்வளவு நேரம்?"

"இருக்கிற ஜாடிகளுக்குள்ளேயே உன்னைத் தேடிட்டு இருந்தேன்டி."

தனிமங்கள் உலகத்துக்குத் திரும்பின, உறவு மாறாமல். அக்காளும் தங்கையும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கேட்டவர்களும் எழுந்து போகலாம்.