கழுகு ராஜாவும் நாக ராணியும்

ஏழு ஏரிகளுக்கு நடுவே மருதவேலி என்றொரு சின்ன நாடு ஒரு காலத்தில் இருந்தது. அதைச் செம்பியக்கோ என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவான். ஒரு நாள் அவனுக்குப் போன ஜன்மத்தில் தான் யாராக இருந்தோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை பிடித்துக்கொண்டது.

ஆஸ்தான ஜோசியர் அரங்கநம்பி சோழி உருட்டிப் பார்த்து, ராஜா மலையுச்சியை ஆண்ட கழுகு என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மந்திரி பொறையன் பொதிமாடாம். சபை சிரித்தது, பொறையனும் சேர்ந்து சிரித்தான். பிறகு ராஜா, மகாராணி பெருந்தேவி யாரென்று கேட்டான். ஜோசியர் சொன்ன நாளில் மழை வராததைச் சொல்லி அவள் தோழிகளோடு சிரித்திருந்தாள். நம்பி அதை மறக்கவில்லை. அவள் அந்தக் கழுகு கொத்திக் கொன்ற நாகம் என்றும், பழி தீர்க்கவே ராஜாவுக்கு மாலையிட்டாள் என்றும் தணிந்த குரலில் சொன்னார்.

அன்றிலிருந்து ராணி பரிமாறினால் ராஜா கை நனைப்பதில்லை. ஐந்தாம் நாள், அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பப் பல்லக்கு வந்து நின்றது.

இதை எப்படியாவது தடுத்தே ஆக வேண்டும் என்று பொறையன் முடிவு செய்தான். ராஜாவுக்காக அவளைப் பெண் கேட்டுப் போனவன் அவன்தான். மகள் ஒருநாளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வரமாட்டாள் என்று அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

எதிர்த்துப் பேசினால் ராஜாவுக்குப் பிடிவாதம் ஏறும். அதனால் சபைக்குப் போனவன் முதலில் ஜோசியரை வாயாரப் புகழ்ந்தான். பிறகு பணிவாகக் கேட்டான்.

"கூடவே இருந்து பார்த்த மாதிரிச் சொல்கிறீர்களே சாமி, அப்போது நீங்கள் என்னவாக இருந்தீர்கள்?"

நம்பி நெஞ்சை நிமிர்த்தினார். "அந்த மலையடியில் நூறு வருஷம் தவமிருந்த முனிவர் நான்தான்."

"மகாராஜா, எனக்கு ஒரு சந்தேகம். கழுகு ராஜாவாகிவிட்டது. நாகம் ராணியாகிவிட்டது. பொதிமாடுகூட மந்திரியாகிவிட்டது. நூறு வருஷம் தவமிருந்தவர் மட்டும் நமக்குச் சோழி உருட்ட வந்திருக்கிறாரே, அப்படி என்ன பாவம் செய்தார்?"

சபையில் பலர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நம்பி தவத்தில் ஏதோ தடங்கல் என்று முணுமுணுத்தார்.

"தடங்கல் என்ன, யார் குடும்பத்திலாவது கோள் மூட்டியிருப்பார்" என்ற பொறையன் ராஜாவிடம் திரும்பினான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "போன பங்குனியில் உங்களுக்கு அம்மை வார்த்தது. ஜோசியர் அசலூருக்குப் போய்விட்டார். நானும் வாசலோடு நின்றேன். பதினோரு நாள் வேப்பிலையும் கையுமாக உள்ளே இருந்தது யார்? பழி தீர்க்க நினைத்திருந்தால் மகாராணி எதுவும் செய்திருக்க வேண்டாம். தூங்கியிருந்தாலே போதும்."

 ராஜா எழுந்து வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடினான். ராணி பல்லக்கில் ஒரு கால் வைத்திருந்தாள்.

"நான் கழுகும் இல்லை, ஒன்றும் இல்லை, பெருந்தேவி. வெறும் மடையன்."

"இந்த ஜன்மத்திலா, போன ஜன்மத்திலா?"

"இரண்டிலும்தான்."

ராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு காலைக் கீழே வைத்தாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பொறையன் கழுத்தில் போட்டான். பொறையனோ, மகளை அனுப்புவதாகப் பெண் வீட்டுக்கு ஓலை போய்விட்டதே, இனி யாராவது நேரில் போய் விவரம் சொல்ல வேண்டுமே என்று கவலைப்பட்டான். ராஜா சற்றும் யோசிக்காமல் அரங்கநம்பியை அனுப்பிவைத்தான். ராணியின் அப்பா எப்பேர்ப்பட்ட கோபக்காரர் என்பதைத் தெரிந்துகொள்ள நம்பிக்குச் சோழி தேவைப்படவில்லை.