கட்டியக்காரரை ஓவர்கிளாக் செய்த கதை

கருவேலநாட்டில் ஒரு கணினி இருந்தது. ஒன்றே ஒன்று. அது எந்த நூற்றாண்டு என்று கேட்காதீர்கள். அரசர் பரிதிவேளும் கேட்டதில்லை.

மழையளவைக் கொடுத்தால், பெரிய ஏரியின் மதகை எப்போது திறக்கவேண்டும் என்று கணினி சொல்லும். போன வாரம் விடை தாமதமாக வந்தது. வடக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

"கணினி மந்தம், அரசே," என்றார் அமைச்சர் தத்தனார். "பிராசஸரை ஓவர்கிளாக் செய்துவிடலாம். அதாவது, செய்தவன் குறித்த வேகத்துக்கு மேல் விரட்டுவது. ஒன்றரை மடங்கு ஓடும்."

"விரட்டுங்கள்!" என்றார் அரசர்.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் வெண்காடன் எழுந்தான். "சூடேறும், அரசே. தப்பாகக் கணக்கிடலாம். கருகியும் போகலாம். நம்மிடம் வேறு கணினி இல்லை."

"பயந்தாங்கொள்ளி!" என்றார் தத்தனார்.

"வெண்காடா, மறுபடி தாமதமானால் உன் வேலை போய்விடும். விரட்டினால் லாபமா, நஷ்டமா? இப்போதே காட்டு," என்றார் அரசர்.

"அப்படியானால் முதலில் கட்டியக்காரரை ஓவர்கிளாக் செய்து பார்ப்போம், அரசே. அவர் கருகினாலும் அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார்."

அந்த அவையில் ஒரு வழக்கம். அரசர் பெயரால் எது தொடங்கினாலும், கணினியின் பொத்தானை அழுத்துவதே ஆனாலும், அவருடைய அறுபத்துநான்கு பட்டங்களையும் கட்டியக்காரர் மருதவாணர் முதலில் முழங்கவேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும்.

"ஒன்றரை மடங்கு வேகம், ஐயா," என்றான் வெண்காடன்.

முதல் பத்துப் பட்டங்கள் பறந்தன. அரசர் மகிழ்ந்தார். தத்தனார் மீசையைத் தடவினார். இருபதாவதில் மருதவாணருக்கு வியர்த்தது; இருவர் வந்து விசிறினார்கள். முப்பதாவதில், மதயானைகளை அடக்கி ஏழைகளுக்கு வாரி வழங்கிய அரசர், "ஏழைகளை அடக்கியவரே! மதயானைகளுக்கு வாரி வழங்கியவரே!" ஆனார். நாற்பதாவதில் மருதவாணர் சாய்ந்தார்.

"வேகமாகத்தான் இருந்தது," என்றான் வெண்காடன்.

"சரி, கணினியைத் தொடவேண்டாம். ஆனால் தாமதம்?" என்றார் அரசர்.

"கணினி விடை சொல்ல ஒன்பது நொடி எடுக்கிறது, அரசே. விரட்டினால் ஆறு. மூன்று நொடி லாபம். அதற்கு முன் பட்டங்களுக்கு அரை மணி."

அவையோர் தரையைப் பார்த்தார்கள். அரசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இனி மழைக்காலத்தில் பட்டங்கள் கிடையாது! பொத்தானை அழுத்து. வெண்காடா, உனக்குப் பரிசு: 'மதகு காத்த மாமதி' என்ற பட்டம்!"

தரையில் கிடந்த மருதவாணர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அதையும் நான்தான் சொல்லணுமா?"