பல்லக்குத் தூக்கிகளின் கைப்பிடி நெல்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால்கூட ஊரே எழுந்து நின்ற ஒரு நாட்டில், வீரகேது என்று ஒரு மகாராசா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றிவிட்டால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் அயல்நாட்டு வணிகன் ஒருவன் குதிரை வண்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தான். மகாராசா ஏறி உட்கார்ந்து கோட்டையை ஒரு சுற்று வந்தார். இறங்கும்போதே, "இனிமேல் நமக்குப் பல்லக்கு வேண்டாம்" என்றார். பல்லக்கு பரண் ஏறியது. அதைத் தூக்கிய எட்டுப் பேரும் தெருவுக்கு வந்தார்கள்.

வேறு நாடாக இருந்தால் அவர்கள் கதை அத்தோடு முடிந்திருக்கும். இந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அரண்மனை வேலைக்காரர்கள் கூலி நெல் வாங்கும்போதெல்லாம் அதில் ஒரு கைப்பிடி அள்ளி, களஞ்சிய வாசலில் நின்ற பெரிய மண் குதிரில் போடுவார்கள். கைப்பிடிக் குதிர் என்று அதற்குப் பெயர். யாருக்காவது வேலை போனால், அடுத்த வேலை கிடைக்கும்வரை அந்தக் குதிரிலிருந்து அவர் வீட்டுக்கு நெல் போகும். பிச்சையும் இல்லை, தானமும் இல்லை. அவர்களே போட்டு வைத்தது.

கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஓராண்டாவது உழைத்திருக்க வேண்டும். தன் குற்றத்தால் வேலை போயிருக்கக் கூடாது. உடம்பில் வலு வேண்டும், கூப்பிட்டால் உடனே வேலைக்குப் போகவும் வேண்டும். வீட்டில் படுத்துக் கிடக்காமல் வேலை தேட வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் எழுத்தாணி இருந்தது களஞ்சியத் தலைவர் பேரம்பலனார் கையில். அந்த மனிதர் விதிகள் எழுதிய ஓலையின் அடியில் சத்தமில்லாமல் இரண்டு வரி சேர்த்தார். வேலை தேடுகிறவர் பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை வீதியில் நடந்து தேட வேண்டும் என்பது ஒன்று. நெல் கேட்கிறவர், தலைவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கும்போது அவர் எதிரில் வந்து கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. அவரோ விடிந்தால் உட்காருவார், பொழுது சாய்ந்தால்தான் எழுவார். வண்டிச் சவாரிக்குப் போகிற அவசரத்தில் மகாராசா படிக்காமலே முத்திரை வைத்துவிட்டார்.

அவையில் எல்லாரையும் சிரிக்க வைப்பது வேம்பனின் வேலை. பல்லக்குத் தூக்கிகளில் மூத்தவனான சடையன் அவனைத் தேடி வந்தபோது அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, வேல தேடிட்டு வந்தா, நேர்ல வரலேங்கறாரு. நேர்ல போய் நின்னா, இங்க நிக்கிறியே, வேல தேடலியேங்கறாரு. நாங்க என்ன ஆள ரெண்டாப் பொளந்துக்கிட்டா வர முடியும்? வீட்ல அடுப்பு எரிஞ்சு மூணு நாளாச்சு."

வேம்பன் நேராக அவைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். பேரம்பலனார் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். ராஜா வேம்பனோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியவர் அவர்.

"மகாராசா, இன்றுவரை தகுதியுள்ள ஒருவர்கூட வரவில்லை. குதிர் வீணாக நிற்கிறது. அந்த நெல்லைத் தங்கள் பிறந்தநாள் விருந்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மேலும், குதிரையைவிட மெதுவாக நடந்தது இந்த எட்டுப் பேரின் சொந்தக் குற்றம்தானே?"

"விதியை மாற்றுங்கள், மகாராசா" என்றான் வேம்பன்.

"நம் முத்திரை விழுந்த ஓலையை நாமே மாற்றுவதா? நடவாது!" என்றார் மகாராசா.

"அப்படியானால் எல்லா விதிக்கும் பொருந்துகிற ஒருவனையாவது நாளைப் பொழுது சாய்வதற்குள் வேம்பன் இங்கே நிறுத்தட்டும். முடியாவிட்டால் குதிர் விருந்துக்கு, வேம்பன் வீட்டுக்கு" என்றார் பேரம்பலனார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மகாராசாவுக்கு இந்தப் போட்டி பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் பேரம்பலனார் களஞ்சிய வாசலில் தம் கைப்பிடி வைத்த மர ஆசனத்தில் அமர்ந்தார். அமர்ந்தார் என்று சொல்வதைவிட, ஆசனத்தை நிரப்பினார் என்று சொல்லலாம். அத்தனை கனத்த உடம்பு. வேம்பன் எட்டுப் பேரோடு வந்தான். பரணிலிருந்து இறக்கிய பல்லக்குக் கொம்புகள் இரண்டும் அவர்கள் தோளில் இருந்தன. கண் மூடித் திறப்பதற்குள் ஆசனத்துக் கைப்பிடிகளின் அடியில் கொம்புகளைச் செருகிக் கட்டினார்கள். "ஏலேலோ!" என்றார்கள். ஆசனம் தோளுக்கு ஏறிவிட்டது.

"டேய்! என்னடா பண்றீங்க? இறக்குங்கடா!"

"வேலை தேடுகிறார்கள், ஐயா. தங்கள் எதிரிலேயே தேடுகிறார்கள், நெல்லும் கேட்கிறார்கள். தாங்கள் எழுந்துவிடாதீர்கள், விதி கெட்டுப்போகும்" என்றான் வேம்பன்.

எழுவது எங்கே? கீழே பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றியது. கடைவீதி, கோயில் வீதி, நெசவாளர் தெரு என்று ஒன்று விடாமல் போனார்கள். "பல்லக்குத் தூக்க ஆள் வேணுமா! ஆளு வேணுமா!" என்று சடையன் முன்னால் கூவினான். எல்லாரும் தலைவர் எதிரில் வர வேண்டுமே என்று முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் இடம் மாறிக்கொண்டே தூக்கினார்கள். நடுப்பகலில் பேரம்பலனார் வீட்டு வாசல் வழியாகவே இரண்டு தடவை போனார்கள். வறுத்த கருணைக்கிழங்கு வாசனை வந்தது. ஆசனம் நிற்கவில்லை. ஜவுளி வணிகர் ஒருவர் அவர்களுடைய நடையைப் பார்த்து அசந்துபோய், தம் மகள் திருமணத்துக்கும் அதற்குப் பிறகும் நால்வரை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஊரே வேடிக்கை பார்த்தது. மகாராசாவின் வண்டி வழியில் முன்னால் போனபோது எட்டுப் பேரும் அதையும் முந்திக்கொண்டு ஓடினார்கள்.

பொழுது சாயும் வேளையில் ஆசனம் அவை நடுவில் இறங்கியது. பேரம்பலனாரின் தலைப்பாகை எந்தத் தெருவில் விழுந்ததோ தெரியவில்லை.

"மகாராசா, ஒருவனைக் கேட்டீர்கள், எட்டுப் பேரைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றான் வேம்பன். "பத்தாண்டு உழைத்தவர்கள். வலு உண்டா என்று ஆசனத்தில் இருப்பவரைப் பார்த்தாலே தெரியும். விடிந்ததிலிருந்து வீதியில் வேலை தேடினார்கள். அத்தனை நேரமும் தலைவர் ஆசனத்தில்தான் இருந்தார், அவர் எதிரில்தான் நெல் கேட்டார்கள்."

"மெதுவாக நடந்த குற்றம்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் பேரம்பலனார்.

"அதற்கும் தாங்களே சாட்சி, ஐயா. 'மெதுவாடா! மெதுவா போங்கடா!' என்று தாங்கள் கதறியதை எட்டு வீதியும் கேட்டது. வண்டியில் இருந்த மகாராசாவும் கேட்டார்."

மகாராசா உதட்டைக் கடித்துக்கொண்டு, "கேட்டோம்" என்றார்.

அப்போது எட்டுப் பேரில் நால்வர் முன்னால் வந்து கும்பிட்டார்கள். "எங்களுக்கு வேல கிடைச்சிருச்சு மகாராசா. நாளையிலேர்ந்து எங்க பங்கு நெல்லு வேணாம். அது குதிர்லயே இருக்கட்டும்."

மகாராசா எழுந்து, எழுத்தாணியைத் தாமே எடுத்து, அந்த இரண்டு வரியையும் அடித்து, பக்கத்தில் தம் முத்திரையை வைத்தார். மற்ற நால்வருக்கும் வேலை கிடைக்கும்வரை நெல்லைப் பேரம்பலனாரே நடந்துபோய் வீட்டில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

பிறகு வேம்பனைப் பார்த்தார். "ஒரு சந்தேகம். நாளை பகை அரசன் எவனாவது படையெடுத்து வந்து நம் வேலையே போய்விட்டால், நமக்கும் இந்த நெல் கிடைக்குமா?"

வேம்பன் ஓலையைக் கையில் வாங்கி, நிதானமாக முதல் வரியைப் படித்தான்.

"ஓராண்டு உழைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறதே, மகாராசா."

மகாராசா சிரித்தார். கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டுவிட்டு, அவனைக் கையைப் பிடித்துக் களஞ்சிய வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். குதிரில் தம் கையால் ஒரு பிடி நெல் போட்டார்.

"இன்றிலிருந்து எண்ணிக்கொள்" என்றார்.