கயிற்றில் ஓடிய அலை

"ஏனுங்கம்மா, நாலு மாசமா உங்க பேச்சைக் கேட்டுட்டு இருக்கறேன். ஒண்ணும் எனக்குள்ள வந்து சேரலீங்க."

செங்கோடன் இப்படிச் சொன்னபோது பாவாத்தாள் குளத்தில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

செங்கோடனுக்கு ஐம்பத்தாறு வயது. கல்குவாரியில் முப்பது வருஷம் பாறை புரட்டிய உடம்பு. பாவாத்தாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மனசு சரியில்லாதவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சிலர் தங்கிவிட்டார்கள்.

"என்ன வந்து சேரணும்?"

"என் மக மேகலா போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. அவளுக்குப் புடிச்ச பையனைக் கட்டிக்கிட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப் போயி கையப் புடிச்சு இழுத்தேன். வளையல் ஒடைஞ்சு ரத்தம் வந்துச்சு. அப்பவும் வரலை. அவளை எப்படித் திரும்பக் கொண்டு வர்றது? அதைச் சொல்லுங்க, போதும்."

பாவாத்தாள் துணியைப் பிழிந்து கல்மேல் போட்டார்.

குளத்தின் நடுவில் ஒரு பூவரச இலை மிதந்துகொண்டிருந்தது.

"அந்த இலையைக் கரைக்குக் கொண்டு வாங்க. தண்ணியில இறங்கக் கூடாது. அலையை மட்டும் அனுப்பலாம்."

செங்கோடன் ஒரு கல்லை எறிந்தார்.

வட்டமாக அலை கிளம்பியது. இலைக்கு அடியில் புகுந்து போனது. இலை எழுந்தது, இறங்கியது. அங்கேயே நின்றது.

இலையைத் தாண்டி விழும்படி ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார். அலை கரைவரை வந்து அவர் காலை நனைத்தது.

இலை வரவில்லை.

"அலை வந்துச்சா?" என்றார் பாவாத்தாள்.

"வந்துச்சுங்க."

"நடுக்குளத்துத் தண்ணி வந்துச்சா?"

செங்கோடன் யோசித்தார். "தண்ணி வந்திருந்தா இலையும் கூடவே வந்திருக்கோணும்."

"அப்ப, வந்தது எது?"

செங்கோடனுக்குக் கோபம் வந்தது.

"நான் மகளைக் கேட்டா நீங்க இலையைக் காட்டறீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து மலையில் மழை. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது.

மத்தியானம் கரையில் ஒரே கூச்சல். செங்கோடன் ஓடிப் போய்ப் பார்த்தார்.

நட்டாற்றில் ஒரு பரிசல் நின்றுகொண்டிருந்தது.

வெள்ள நாளில் துடுப்பை மட்டும் நம்ப முடியாது. பரிசலின் விளிம்பில் கயிறு கட்டி, அதைப் பிடித்து இந்தக் கரையிலிருந்து ஆட்கள் இழுப்பார்கள். இன்று அந்தக் கயிறு நடுவில் ஒரு பாறையின் மூக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. நாலு பேர் இழுத்தும் அசையவில்லை.

"பரிசல்ல யாரு?"

"அங்கமுத்துதான் ஓட்டறான். ஒரு பொண்ணு இருக்குது. கையில கொழந்தை. உங்களைத் தேடித்தான் வருதாமா. மேகலான்னு பேரு."

செங்கோடன் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

நாலு பேரையும் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். குதிகாலை மண்ணில் ஊன்றினார். இழுத்தார்.

கயிறு முறுகி முனகியது. பாறைக்கு அடியில் இன்னும் ஆழமாகப் போய் இறுகியது. பரிசலின் ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது.

"அப்பா!"

அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செங்கோடன் இன்னும் பலமாக இழுத்தார்.

"விடுங்க!"

பாவாத்தாள் ஓடி வந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு.

"விட்டா போயிருவாம்மா!"

"இழுத்தா கவுந்துரும். கண்ணைத் தொறந்து பாருங்க!"

செங்கோடன் பார்த்தார். மேகலா ஒரு கையால் குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மறு கையால் விளிம்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்திருந்தாள். அங்கமுத்து தகர டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு கொட்டினான்.

கயிற்றை ஒரு முழம் விட்டார். வாழ்க்கையில் அவ்வளவு கனமான எதையும் அவர் இறக்கி வைத்ததில்லை.

பரிசல் நிமிர்ந்தது.

"இப்ப என்னம்மா பண்ணட்டும்?"

"அலை அனுப்புங்க."

"கயித்துலயா?"

"கயித்துலதான்!"

பாவாத்தாளே கயிற்றின் நுனியைப் பிடித்து, கையைச் சடாரென்று மேலே தூக்கிக் கீழே அடித்தார். கயிற்றில் ஒரு மேடு எழுந்தது. அணில் ஓடுவது போலக் கயிற்றோடு ஓடியது. பாறையில் முட்டியது. மேடாகப் போனது பள்ளமாகத் திரும்பி வந்தது.

"திரும்பி வருதுங்க!"

"பாறை பிடிச்சு வச்சிருக்கு. அதான் திருப்பி அனுப்புது. எனக்கு இவ்வளவுதான் பலம். நீங்க பெருசா அனுப்புங்க!"

செங்கோடன் வாங்கினார். தூக்கி அடித்தார். அடித்த வேகத்தில், பழக்கதோஷத்தில், இழுத்தும் விட்டார். கயிறு விறைத்துக்கொண்டது. மேடு எழவே இல்லை. பரிசல் மறுபடியும் சாய்ந்தது.

மேகலா அலறினாள்.

"இழுக்காதீங்கண்ணா! அது உங்ககிட்ட வர வேண்டாம். இங்க இருந்து போகணும். அவ்வளவுதான்!" என்று கத்தினார் பாவாத்தாள்.

செங்கோடன் மூச்சை அடக்கினார். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். ரொம்பத் தளர்த்தியதும் அது தொய்ந்து தண்ணீரைத் தொட்டது. கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

முப்பது வருஷம் பாறை புரட்டிய கைகளைத் தலைக்கு மேலே தூக்கினார். அடித்தார்.

ஆளுயர மேடு ஒன்று கயிற்றில் எழுந்தது.

"போகுது பாருங்க!" பாவாத்தாள் சின்னப் பிள்ளை போலக் குதித்தார். "போகுது, போகுது, போகுது!"

கரையில் இருந்தவர்கள் எல்லோருடைய தலையும் அதோடு கூடவே திரும்பியது. கயிறு அவரவர் முன்னால் ஒருமுறை எழுந்து, ஒருமுறை இறங்கி, இருந்த இடத்திலேயே இருந்தது. மேடு மட்டும் ஓடியது. முப்பது முழம். நாற்பது முழம். பாறை.

பாறையிடம் கயிறு எழுந்து நின்றது. மூக்கைத் தாண்டித் துள்ளி விழுந்தது.

பரிசல் ஒரு குலுங்கு குலுங்கி ஆற்றோடு இறங்க ஆரம்பித்தது.

"இப்ப இழுங்க!"

நாலு பேரும் பாய்ந்து வந்து பிடித்தார்கள். செங்கோடன் முன்னால், பாவாத்தாள் கடைசியில். யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். கயிறு ஈரமாகக் கைக்கு வந்துகொண்டே இருந்தது.

பரிசல் கரையில் முட்டியது.

மேகலா சேற்றில் இறங்கினாள். தலைமுடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. குழந்தை எதுவும் நடக்காதது போலக் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

செங்கோடன் கயிற்றை விட்டுவிட்டு நின்றார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேகலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயித்த அந்த இழு இழுத்தீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு. எங்கப்பாதான்னு."

அவர் தலை குனிந்தார்.

"ஆனா அப்புறம் ஒண்ணு வந்துச்சுப்பா. சொடக்குன்னு என் கைக்குள்ள ஒரு துள்ளல். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பரிசலே விடுபட்டுருச்சு." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "அதை அனுப்புனது யாரு?"

செங்கோடன் திரும்பிப் பாவாத்தாளைப் பார்த்தார்.

அவர் குனிந்து ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

செங்கோடன் மகளைப் பார்த்தார்.

"அதுவும் நாந்தான் கண்ணு."