இருபது அடி

கோமதிநாயகத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்து. கணக்கு இடிக்கிறதே என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவர்கள் இருவருக்கும் தோன்றியதில்லை. சீடர் குருவைச் "சாமி" என்பார், குரு சீடரை "ஐயா" என்பார்.

குருவுக்கு மடம் கிடையாது, காவியும் கிடையாது. வெள்ளை வேட்டி, மேலே ஒரு பழைய ஸ்வெட்டர். வருடத்தில் பாதி நாள் எங்காவது நடந்துகொண்டிருப்பார். கூட வருகிறேன் என்று யாராவது சொன்னால் வா என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்.

கோமதிநாயகம் நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். நாலு மணி என்று சொன்னால் நாலு மணி. அலுவலகத்தில் அதற்காகவே அவரைக் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அது பெருமைதான்.

அவரும் அவருடைய அண்ணன் சங்கரலிங்கமும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அம்மா இறந்த அன்று அண்ணன் நாக்பூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது இளைய மகன் பாத்தியம். இளைய மகன் அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை. அண்ணன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் கொஞ்ச நேரம் நின்றவர், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

இதைக் குருவிடம் சொன்ன முதல் நாளே கோமதிநாயகம் கேட்டார்.

"பெரியவங்க அவசரப்படுத்திட்டாங்க சாமி. நான் என்ன செய்ய? ஆனா மனசு ஆற மாட்டேங்கு. எந்த இடத்துல போய்க் கேட்டா மன்னிப்பு கிடைக்கும்?"

"எங்கெல்லாம் போகணும்னு இருக்கு?"

கோமதிநாயகம் மஞ்சப்பையிலிருந்து ஓர் அட்லஸை எடுத்தார். அண்ணன் பத்தாம் வகுப்பில் வைத்திருந்தது. இமயமலைப் பக்கத்தில் காட்மாண்டுவையும் பூனாகாவையும் அண்ணன் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். அச்சில் இல்லாத ஊர்களை நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு கையால் எழுதிச் சேர்த்திருந்தார். ஓரத்தில் "நான், தம்பி" என்று இருந்தது. பெரியவர்களானதும் இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு.

"போய்ப் பாப்போம்," என்றார் குரு.

முதலில் பூட்டான். பூனாகாவில் இரண்டு ஆறுகள் சேருகிற முனையில் கோட்டை நிற்கிறது. ஓர் ஆறு ஆண், ஓர் ஆறு பெண் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மரப்பாலத்தின் நடுவில் நின்று கோமதிநாயகம் கேட்டார்.

"ரெண்டும் சேருத இடம். இங்க கேட்டாக் கிடைக்குமா சாமி?"

"கேட்டுப் பாருங்க."

கண்ணை மூடி நின்றார். பிறகு திறந்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"தண்ணி நல்லா இருக்கு," என்றார் குரு.

சீடர் அட்லஸைப் பார்த்து எழுதி வைத்திருந்த பட்டியலில் பூனாகாவுக்கு நேரே ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

பாரோவில் செங்குத்துப் பாறையின் இடுப்பில் ஒரு மடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புலிக்கூடு என்கிறார்கள். மூன்று மணி நேரம் ஏறினார்கள். கோமதிநாயகத்தின் முழங்கால் வழியெல்லாம் அவரைத் திட்டியது. வாசலில் பையையும் போனையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

"அண்ணன் அட்லஸ் இதுல இருக்கு. எப்படி விட்டுட்டுப் போக?"

"அப்பப் போகாதீங்க."

இவ்வளவு தூரம் ஏறியாயிற்று. அரை மனதாகப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் வெளியே வந்து முதல் வேலையாகப் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"உள்ள என்ன கேட்டீங்க?" என்றார் குரு.

கோமதிநாயகத்துக்கு வெட்கமாகிவிட்டது. "பை பத்திரமா இருக்கணும்னு."

"இருந்துதா?"

"இருந்துது."

"அப்பக் கேட்டது கிடைச்சிருச்சு."

அங்கிருந்து நேபாளம். பக்தபூரில் ஐந்தடுக்குக் கோயில். படிக்கு இரண்டு காவல் சிலைகள். கீழே மல்லர்கள், மேலே யானைகள், அதற்கு மேலே சிங்கங்கள். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலமாம். எந்தப் படியில் நின்று கேட்டால் பலிக்கும் என்று சீடர் கேட்டார். குரு மண்சட்டியில் தயிர் வாங்கிக் கையில் கொடுத்து, சாப்பிடச் சொன்னார். தயிர் நன்றாக இருந்தது. எரிச்சலிலும் கோமதிநாயகம் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

கடைசியாகக் காட்மாண்டுவில் பௌதநாத். பெரிய வெள்ளைத் தூபி. மேலே நான்கு பக்கமும் கண் வரைந்திருக்கிறது. சாயங்காலம் ஊரே அதை வலம் வருகிறது. செபமாலை உருட்டும் கிழவிகள், ஆபீஸ் விட்டு வந்தவர்கள், பிக்குகள், குழந்தையை முதுகில் கட்டிய பெண்கள் என்று எல்லோரும் ஒரே பக்கமாகப் போகிறார்கள். வலக்கைப் பக்கச் சுவரில் வரிசையாக மந்திரம் பொறித்த செப்பு உருளைகள். போகிறபோக்கில் உருட்டிக்கொண்டே போகலாம்.

கோமதிநாயகம் ஓர் உருளையைத் தள்ளினார். அது இறுக்கமாக இருந்தது. பையைச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினார். அது சுற்றத் தொடங்கியதும் சந்தோஷமாக நடந்தார்.

இருபது அடி போனதும்தான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

"ஐயோ சாமி, பை!"

திரும்பினார். கூட்டம் நெஞ்சில் மோதியது. ஒருவர் விலகினார், அடுத்தவர் விலகவில்லை. ஒரு பெரியவர் சிரித்தபடி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"சுத்தி வாங்க ஐயா," என்றார் குரு.

"இந்தா, இருபது அடிதான் சாமி! தெரியுது பாருங்க!"

"தெரியுது. ஆனா இங்க யாரும் அந்தப் பக்கமா நடக்கறதில்ல."

"அதுக்குள்ள யாராவது எடுத்துட்டா?"

"எடுக்கலாம்."

வேறு வழியில்லை. நடந்தார். அளவைத்துறைப் பழக்கத்தில் அடிகளை எண்ணத் தொடங்கி, நூற்றுப்பத்தில் விட்டுவிட்டார். முந்தப் பார்த்தால் முன்னால் ஒரு கிழவி. அவளைத் தாண்டினால் இன்னொரு கிழவி. யாருக்கும் அவசரமில்லை. அவர் ஒருவருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் போகிறவரைக்கும் இருக்கணும், நான் போகிறவரைக்கும் இருக்கணும் என்று வாய் முணுமுணுத்தது.

பாதிச் சுற்றில் அவர் முந்தப் பார்ப்பதை விட்டார். மதுரையைத் தாண்டிய ரயிலில் அண்ணன் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நினைத்துப் பார்த்தார்.

மாடம் வந்தது. அதில் பை இல்லை. அதற்கு முன்னால் ஒரு திபெத்தியப் பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். எழுபது வயதிருக்கும். இடுப்பில் கோடுபோட்ட முன்துணி கட்டியிருந்தாள். செபமாலையை மணிக்கட்டில் சுற்றிவிட்டு, மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போயிற்று.

அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் பையை நீட்டினாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் மணி விற்பவன் அதை இந்தியில் சொன்னான். குருவுக்கு இந்தி தெரியும்.

"என்ன சொல்லுதாங்க சாமி?"

"முதல் சுத்துலயே வந்துட்டீங்களாம். இருட்டற வரைக்கும் நிக்கணுமோன்னு நினைச்சிருந்தாங்களாம்."

கோமதிநாயகம் கும்பிட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு, மாலையை விரலுக்கு எடுத்து, நின்ற இடத்திலிருந்து மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். பையைப் பிரிக்கவில்லை.

"சாமி."

"சொல்லுங்க."

"பெரியவங்க அவசரப்படுத்தலை."

குரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பெரியவங்க காத்திருப்போம்னுதான் சொன்னாங்க. அண்ணன் மதுரை தாண்டியாச்சுன்னு போனு வந்துது. ஊர் வந்து சேர இன்னும் மூணு மணி நேரம், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் நாலு மணின்னு சொல்லியிருந்தேன். சொன்ன நேரம் தவறக்கூடாதுன்னு நான்தான் தூக்கச் சொன்னேன். நான்தான் சாமி."

அறுபத்திரண்டு வயது மனிதர் அத்தனை பேர் நடுவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கூட்டம் அவருக்கு வழிவிட்டுச் சுற்றிப் போனது.

அழுகை அடங்கியதும் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பக்கத்து நகரமான பாட்டனில் ஒரு கற்கோயில் பாக்கி இருந்தது. நாளைக்குப் போவதாக ஏற்பாடு. பட்டியலை மடித்து அட்லஸுக்குள் வைத்தார்.

"அண்ணனுக்கு எழுபது ஆகப்போகுது. இன்னும் நாக்பூர்லதான் இருக்காரு. இங்கருந்து நேரா எல்லைக்குப் போய் ரயில் பிடிச்சா இதைக் கையில கொடுத்துரலாம்."

"கொடுக்கலாம்."

"பதினோரு வருசம் சாமி. போய் நின்னா, அண்ணன் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாருன்னு எப்படித் தெரியும்?"

குரு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அந்த அம்மா நிக்கறாங்கன்னு தெரிஞ்சுதானா ஐயா, சுத்தி வந்தீங்க?"