பறந்துபோன மயிலுக்கு மாதாமாதம் கட்டணம்

கொன்றையூர் அரண்மனையில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளத்தோடு ஓர் ஓலையும் வரும். கூலி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. ஒருநாள் யானைக்கொட்டில் கூட்டும் ராக்காயி அந்த ஓலையோடு அரசவை விதூஷகன் சடகோபன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“சாமி, எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா பன்னெண்டு பணம் வரவேண்டிய இடத்துல பத்துதான் வருது. ஏழு மாசமா இதே கூத்து! மழைக்குள்ள கூரை மேயணும். இல்லேன்னா புள்ளைங்களோட நனைய வேண்டியதுதான்.”

சடகோபன் ஓலையைப் படித்தான். ‘மயில் பார்த்த வகையில், இரண்டு பணம்.’

“அரண்மனையில் ஏதம்மா மயில்?”

“தை மாசம் பொக்கிஷக்காரர் ஒண்ணு கொண்டாந்து விட்டாரு. எல்லாரும் போய்ப் பார்த்தோம். பத்தே நாள்ல பறந்து போயிடுச்சு!”

சடகோபன் நேரே பொக்கிஷக்காரர் பேரம்பலத்திடம் போனான். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

“முதல் மாதம் மயில் பார்க்க இலவசம். அப்புறம் மாதம் இரண்டு பணம். வேண்டாமென்றால் மூன்று நாளுக்குள் எழுதித் தரவேண்டும். தை மாத ஓலையின் பின்பக்கம் எழுதியிருக்கிறதே!”

எழுதித்தான் இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி.

“மயில்தான் பறந்துவிட்டதே?”

“மயில் பறக்கலாம் ஐயா, கட்டணம் பறக்குமா?”

“சரி, இனிமேலாவது நிறுத்துங்கள்.”

“அமாவாசையன்று நேரில் வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லும்.”

“அமாவாசையன்று பொக்கிஷம் பூட்டியிருக்குமே!”

“அதற்கு நான் என்ன செய்ய?”

சடகோபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜாவிடம் போய்ச் சொன்னான். மருதப்ப மகாராஜா மீசையை முறுக்கிக்கொண்டே, “இரண்டு பணத்துக்கா என்னிடம் வந்தாய்? போய்யா!” என்றார்.

“போகிறேன். ஒரே ஒரு சாயங்காலம் அரண்மனை யானையை மட்டும் கொடுங்கள்.”

எதற்கென்றுகூடக் கேட்காமல் ராஜா தலையாட்டினார்.

மறுநாள் பேரம்பலத்தின் பேரனுக்குக் காதுகுத்து. வாசலில் யானை வந்து நிற்கவும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பேரனை மடியில் வைத்துக்கொண்டு நாலு தெரு சுற்றி வந்தார். கூடவே சடகோபன் அனுப்பிய வாழ்த்தோலையை யார் படித்தார்கள்? அது வெற்றிலைத் தட்டுக்கு அடியில் கிடந்தது.

அடுத்த மாதம் பேரம்பலத்தின் சம்பள ஓலையில் ஒரு வரி முளைத்தது. ‘யானை ஏறிய வகையில், நூறு பொன்.’ எழுதியவன் கணக்கப்பிள்ளை. அவனுக்கும் மயில் பிடித்தம் உண்டு, ஆகையால் சந்தோஷமாகவே எழுதினான்.

பேரம்பலம் சபைக்கு ஓடி வந்தார். “கொள்ளை, மகாராஜா, கொள்ளை! எனக்குத் தெரியாமல் என் ஓலையில் ஒரு செலவு!”

சடகோபன் எழுந்தான். “முதல் சாயங்காலம் இலவசம். அப்புறம் மாதம் நூறு பொன். வேண்டாமென்றால் மூன்று நாளுக்குள் எழுதித் தரவேண்டும். வாழ்த்தோலையின் பின்பக்கம் பார்க்கவில்லையா?”

“பின்பக்கத்தை எவன் பார்ப்பான்?” என்று கத்திவிட்டுப் பேரம்பலம் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதற்கப்புறம் யானை என் தெருப்பக்கமே வரவில்லையே!”

“யானை வராமல் இருக்கலாம். கட்டணம் வராமல் இருக்குமா?”

“இப்போதே நிறுத்தித் தொலையும்!”

“அமாவாசையன்று என் வீட்டுக்கு வாருங்கள். அன்று நான் ஊரில் இருக்கமாட்டேன்.”

ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சடகோபன் ராக்காயியை உள்ளே அழைத்தான். அவள் மயிலையும், பிடித்தத்தையும், ஒழுகும் கூரையையும் சொன்னாள். கேட்டதும் ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

“பேரம்பலம்! பிடித்த பணமெல்லாம் இன்று சாயங்காலத்துக்குள் அவரவர் கைக்குப் போகவேண்டும். இவள் கூரையை உம்முடைய செலவில் மேய்ந்து கொடும். அதுவரை யானைக் கட்டணம் நிற்காது!”

ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். அப்புறம்தான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஐந்நூறு பேர், சடகோபா! ஏழு மாதம்! ஒருத்தருமா ஓலையைப் பார்க்கவில்லை? எப்பேர்ப்பட்ட அசடுகள்!”

“ஆமாம் மகாராஜா,” என்றான் சடகோபன் பணிவாக. “தங்கள் சொந்தச் செலவு ஓலையையும் கொஞ்சம் படிக்கச் சொல்லலாமா?”

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினான். “மயில் பார்த்த வகையில் மகாராஜாவுக்கு மாதம் ஐம்பது பொன். மகாராணியாருக்குத் தனியாக ஐம்பது.”

“அடப்பாவி!” என்று சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார் ராஜா. “நான் அந்த மயிலைப் பார்க்கவே இல்லையே!”